பொறிவண்டுக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ்

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சொன்னது காற்றோடு போய்விடும். பத்திரிகையில் வந்ததைப் போல யாரும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, "நீ இப்படித்தானே சொன்னாய்?" என்று கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன், அந்த அக்காவின் அழைப்பு வரும் வரையில்.

"தங்கச்சி, நீதானே சொன்ன, அந்தச் சிவப்புப் புள்ளி வண்ட அடிக்கக் கூடாதுன்னு? நானும் அடிக்கல. வந்து பாரு, என் கத்தரிச் செடியில இலையே இல்ல. வெறும் நரம்புதான் நிக்குது."

மூன்று வாரங்களுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசியபோது பொறிவண்டைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன். லேடிபேர்ட் என்று நாம் சொல்வோமே, மலாய்க்காரர்கள் கும்பாங் கூரா-கூரா, அதாவது ஆமை வண்டு என்பார்களே, அதுதான். "செடிப்பேனைத் தின்று செடியைக் காக்கும் தோழி. கண்டால் கும்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லி ஒரு பாட்டும் போட்டேன். சிறு வயதில் ஆங்கிலம் படிக்கக் கொடுத்த லேடிபேர்ட் புத்தகங்களின் மூலையில் இருந்த அந்தச் சிவப்பு வண்டை யாருக்குத்தான் பிடிக்காது?

அக்கா இருப்பது கிள்ளான் பக்கம் ஒரு தமானில். கணவர் தவறிய பிறகு, வீட்டின் பின்புறம் முப்பது கத்தரிச் செடிகளும் ஒரு வரிசைப் பயத்தங்காயும் போட்டிருக்கிறார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு வாரத்தில் மூன்று நாள் காய் கொடுப்பார். அதில் வருவதுதான் அவருடைய கைச்செலவு. என் நற்சான்றிதழ் அந்தக் கைச்செலவில் கை வைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கூடவே, பூச்சியியல் படித்த தோழி ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு பாட்டில்கள்

கத்தரி இலைகளைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. யாரோ சீப்பால் சுரண்டியதைப் போல வரிவரியாகப் பச்சை போயிருந்தது. சுரண்டிய இடத்தில் மெல்லிய தோல் மட்டும் கண்ணாடித் தாள் போல மிஞ்சியிருந்தது. பழைய இலைகளில் அந்தத் தோலும் காய்ந்து உதிர்ந்து, சல்லடையாகியிருந்தது. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு, நான் கும்பிடச் சொன்ன அதே வண்டு.

தோழி அதில் ஒன்றைப் பிடித்துக் காலி ஜாம் பாட்டிலில் போட்டாள். பிறகு பயத்தங்காய்க் கொடியில் தேடி வேறொன்றைப் பிடித்து இன்னொரு பாட்டிலில் போட்டாள். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இப்ப பாரு" என்றாள்.

பயத்தங்காய்க் கொடியில் பிடித்தது புதிதாக மெழுகு போட்ட கார் மாதிரி பளபளத்தது. முதுகில் நெளிநெளியான கறுப்புக் கோடுகள். கத்தரியில் பிடித்ததில் பளபளப்பே இல்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதுகெல்லாம் பூனை மயிர் மாதிரி மெல்லிய ரோமம். இந்த வண்டு கொஞ்சம் பெரிது. ஏறக்குறைய 6, 7 மில்லிமீட்டர் இருக்கும்.

இரண்டுமே பொறிவண்டுதான். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒன்று இறைச்சி, மற்றது சைவம். நம் செடியைப் பொறுத்தவரை, சைவம்தான் ஆபத்து!

புள்ளி எண்ணி வைத்த பெயர்

வண்டுகளை வகைப்படுத்தும் கதை சுவையானது. வண்டினம் முழுவதற்கும் கோலியாப்டெரா என்று பெயர். கிரேக்க மொழியில் உறை போட்ட சிறகு என்று பொருள். முன்சிறகுகள் இரண்டும் கெட்டியாகி, பின்சிறகுகளுக்கு உறையாகிவிட்டன. உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட வண்டு இனங்களே ஏறக்குறைய நான்கு லட்சம். அதில் பொறிவண்டுகளின் குடும்பம் காக்சினெல்லிடே. கருஞ்சிவப்பு என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தக் குடும்பத்தில் சுமார் 6,000 இனங்கள் இருக்கின்றன.

1758-இல் லின்னேயஸ் ஐரோப்பாவின் ஏழு புள்ளி வண்டுக்குப் பெயர் வைத்தபோது, புள்ளியை எண்ணித்தான் வைத்தார். 1775-இல் அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ் நம் கத்தரி வண்டுக்குப் பெயர் வைத்தார். அவரும் புள்ளியைத்தான் எண்ணினார். ஒரு சிறகுக்கு 14, இரண்டுக்கும் சேர்த்து 28. லத்தீனில் 'விஜின்டி ஆக்டோ பங்டாட்டா' என்றால் இருபத்தெட்டுப் புள்ளி. எண்ணியவர் அதைச் செடிப்பேன் தின்னும் ஏழு புள்ளி வண்டு இருந்த அதே பேரினத்தில் சேர்த்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் வாயையும் ரோமத்தையும் பார்த்துத்தான் இதைத் தனியாகப் பிரித்தார்கள். இன்று இதன் பேரினம் ஹெனோசெபிலாக்னா.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "புள்ளி எத்தனையோ, வயது அத்தனை" என்று நிகழ்ச்சிக்குச் செய்தி அனுப்பியிருந்தார் ஒரு நேயர். அது உண்மையில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போது வண்டின் சிறகு வெளிறி இருக்கும். சில மணி நேரத்தில் நிறமும் புள்ளியும் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை மாதம் வாழ்ந்தாலும் ஒரு புள்ளிகூடக் கூடாது. புள்ளி என்பது இனத்துக்கு அடையாளம். அதுவும் உறுதியான அடையாளம் இல்லை. ஒரே இனத்தில் புள்ளி குறைந்தும், ஒன்றோடொன்று இணைந்தும், மறைந்தும் வரும் வண்டுகள் உண்டு.

இந்தக் குடும்பத்தை நெடுங்காலம் ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். செடி தின்பவை அதில் ஒன்று. இந்த நூற்றாண்டில் மரபணுவை வைத்துப் பார்த்தபோது அந்தப் பிரிவினை சரியாக நிற்கவில்லை. செடி தின்பவை தனி வீடு கட்டிக்கொண்டு போனவை அல்ல. இறைச்சி தின்னும் பெரிய வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் அறை. ஆனால் சின்ன அறை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் இருக்கின்றன.

சொந்தக்காரர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் வியப்பு. 2015-இல் பொறிவண்டுகளையும் அவற்றின் நெருங்கிய உறவுகளையும் சேர்த்து காக்சினெல்லாய்டியா என்ற தனிப் பெருங்குடும்பமாக அறிவித்தார்கள். அந்த உறவுகளில் பெரும்பாலானவை காளானும் பூஞ்சணமும் தின்று, மரப்பட்டைக்கு அடியிலும் மக்கிய இலையிலும் வாழ்கிறவை. பொறிவண்டுகளின் மூதாதையரும் பூஞ்சணத்திலிருந்து புறப்பட்டு, செதில் பூச்சிகளை வேட்டையாடும் பழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கிருந்து சில செடிப்பேனுக்குப் போயின. சில இலைக்குப் போயின. சில திரும்பவும் பூஞ்சணத்துக்கே போய்விட்டன. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் இல்லெயிஸ் என்ற மஞ்சள் பொறிவண்டு, வெள்ளரி, பூசணி இலைகளில் மாவு தூவியதைப் போல வரும் சாம்பல் நோயைத் தின்கிறது. வயலில் இருக்கும் மிக்ராஸ்பிஸ் என்ற சிவப்புப் பொறிவண்டு நெற்பூச்சிகளைத் தின்னும். நெல் பூத்தால் மகரந்தத்தையும் விடாது.

"பொறிவண்டு நல்லது" என்ற ஒரே வரியில் நான் அடைத்தது இந்த 6,000 இனங்களையும்தான்.

பல்லைப் பார்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல, பொறிவண்டின் குணம் தெரிய வேண்டுமானால் அதன் பல்லைத்தான் பார்க்க வேண்டும். தோழி தன் கைபேசியில் வைத்திருந்த நுண்ணோக்கிப் படங்களை அங்கேயே காட்டினாள்.

வேட்டையாடும் பொறிவண்டின் தாடை நுனி இரண்டு கூர்களாகப் பிளந்திருக்கும். அடியில் இன்னொரு தடித்த பல். நுனியால் குத்திப் பிடிக்கும், அடிப்பல்லால் நசுக்கும். கத்தரி வண்டுக்கு அந்த அடிப்பல்லே கிடையாது. அதற்குப் பதில் நுனியில் பல பற்கள், விளிம்பில் ரம்பம் போலச் சிறு பற்கள். இலையின் பச்சையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்ச அதுதான் வசதி. இலையில் நான் பார்த்த சீப்புக் கோடுகள் இந்தப் பற்களின் கையெழுத்து. பூஞ்சணம் தின்பவற்றுக்கோ நுனிப்பல்லே ஒரு வரிசைச் சிறு பற்களாகப் பிரிந்து, வாரி எடுக்கும் சீப்பாகிவிட்டது.

மற்ற உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கின்றன. தலை சின்னது, மார்புக் கேடயத்துக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கும். அந்தக் கேடயத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைத்தான் பிள்ளைகள் கண் என்று நினைக்கிறார்கள். உணர்கொம்புகள் குட்டை, நுனி சற்றுத் தடித்திருக்கும். வாயருகே இருக்கும் சிறு உணரிகளின் கடைசிக் கணு கோடரி வடிவில் இருக்கும். பாதத்தில் நான்கு கணுக்கள் உண்டு. ஆனால் மூன்றாவது கணு மிகச் சிறியதாகி, இரண்டாவதன் பிளவுக்குள் பதுங்கிவிடுவதால் மூன்றுதான் தெரியும். அந்தக் காலத்தில் பொறிவண்டை மற்ற வண்டுகளிலிருந்து பிரிக்க, முதலில் இந்தப் பாதத்தைத்தான் பார்த்தார்கள்.

சிறகு இன்னோர் அதிசயம். உறைக்கு அடியில் இருக்கும் பின்சிறகு உடம்பைவிட நீளம். அதை எப்படி மடித்து உள்ளே வைக்கிறது என்பதை உறை மூடிய பிறகு பார்க்க முடியாது. தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஏழு புள்ளி வண்டின் உறையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, நக அலங்காரத்துக்குப் பயன்படும் பிசின் வகையால் ஒளி ஊடுருவும் செயற்கை உறை செய்து ஒட்டினார்கள். வண்டு அந்த ஜன்னல் வழியே தன் மடிப்பு வித்தையைக் காட்டிக்கொடுத்தது. வயிற்றை மேலும் கீழும் அசைத்து அசைத்துச் சிறகை உள்ளே இழுத்து மடிக்கிறது. 2017-இல் அதை வெளியிட்டார்கள்.

பிடித்தால் விரலில் மஞ்சள் கறை படியும். அது சிறுநீர் இல்லை, இரத்தம். ஆபத்து வந்தால் முழங்கால் மூட்டிலிருந்து கசப்பான இரத்தத்தைத் தானே வடியவிடும். கடித்த பறவை துப்பிவிடும். அந்தச் சிவப்பு நிறமே "என்னைத் தின்னாதே" என்ற எச்சரிக்கைதான். நாம் அதை அழகு என்று எடுத்துக்கொண்டோம். இந்தக் கறையை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கத்தரி வண்டும் இதே வித்தையைச் செய்யும்.

முதலைக்குட்டிகள்

என் இரண்டாவது தவறு பயத்தங்காய்க் கொடியில் தெரிந்தது. அங்கே கறுப்புச் செடிப்பேன் அப்பிக் கிடந்தது. "இதுல ஏதோ கறுப்புப் புழு முள்ளு முள்ளா ஓடிக்கிட்டு இருந்துச்சு. வண்ட அடிக்கக் கூடாதுன்னு சொன்ன, புழுவப் பத்திச் சொல்லலையே? அத மருந்தடிச்சிட்டேன்" என்றார் அக்கா.

தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவைதான் நல்ல பொறிவண்டின் பிள்ளைகள்! பார்க்க முதலைக்குட்டி மாதிரி நீளமாக, ஆறு காலுடன், சாம்பலும் கறுப்புமாக, ஆரஞ்சோ மஞ்சளோ கலந்து இருக்கும். ஓட்டம் அதிகம். செடிப்பேனைத் தின்பதில் பெற்றோருக்கு இளைத்தவை அல்ல. நான் வண்டை மட்டும் வருணித்தேன். பிள்ளையைச் சொல்லவில்லை.

கத்தரி வண்டின் புழு வேறு மாதிரி. வெளிர் மஞ்சள்; உடம்பெல்லாம் கிளை விட்ட முட்கள்; இலையின் அடியிலேயே அசையாமல் ஒட்டிக்கொண்டு சுரண்டும். மூன்றாவது ஒரு வகையும் உண்டு. செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி வரும் அல்லவா? அதற்கு நடுவே அதைவிடப் பெரிதாக, பஞ்சு போர்த்திக்கொண்டு வேகமாக நகரும் ஒன்றைக் கண்டால் அது மாவுப்பூச்சி அல்ல. அதைத் தின்ன வந்த பொறிவண்டுப் புழுவாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் கிரிப்டோலீமஸ் அப்படிப்பட்டதுதான். செதில் பூச்சியை ஒழிப்பதற்காக 1898-இலேயே அதை இந்தியாவுக்குக் கொண்டு போனார்கள்.

பொறிவண்டே அல்லாத வேடதாரிகளும் இருக்கின்றன. பூசணி, வெள்ளரி இலையில் புள்ளியில்லாமல் முழு ஆரஞ்சாக இருப்பது பூசணி வண்டு. உணர்கொம்பு நூல் போல நீளமாக இருக்கும். கங்கோங் கீரையில் பொன் போல மின்னி, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிவது ஆமை வண்டு. இரண்டும் இலை வண்டுக் குடும்பம். ஊரில் பெரியவர்கள் தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டோ இன்னொரு குடும்பம்.

129 வண்டுகள்

நல்ல பொறிவண்டை இழப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய கதை. ஆஸ்திரேலியாவிலிருந்து போன ஒரு பஞ்சுச் செதில் பூச்சி, 1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. மரங்களை வெட்டி எரிக்கும் நிலை. 1888-இல் ஆல்பர்ட் கோபெலே என்பவரை அமெரிக்க அரசு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர் அனுப்பிய ரொடோலியா என்ற சிறு பொறிவண்டுகளில் முதல் மூன்று தவணைகளில் வந்து சேர்ந்தவை 129. லாஸ் ஏஞ்சலஸில் துணிக்கூடாரம் போட்ட ஓர் ஆரஞ்சு மரத்தில் அவற்றை விட்டார்கள். அங்கே பெருகியவற்றைத் தோட்டம் தோட்டமாகப் பரப்பினார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பூச்சி அடங்கிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. 1940-களில் டிடிடி மருந்து வந்தது. விவசாயிகள் ஆசையாக அடித்தார்கள். மருந்து பொறிவண்டுகளைக் கொன்றது. அடங்கியிருந்த செதில் பூச்சி திரும்பவும் தலைதூக்கியது. அக்காவின் பயத்தங்காய் வரிசையில் நடந்ததும் அதன் சின்னப் பதிப்புதான்.

செடி சொல்லும்

சரி, வீட்டில் நுண்ணோக்கி இல்லாதவர்கள் என்ன செய்வது? தோழி அக்காவுக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

முதலில் வண்டைப் பார்க்காதீர்கள், அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் செடிப்பேனோ மாவுப்பூச்சியோ இருந்தால் அது வேலைக்கு வந்த வண்டு. பேன் எதுவும் இல்லை, இலையில் சீப்புக் கோடு இருக்கிறது என்றால் சாப்பிட வந்த வண்டு. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பச் செடிகள். அங்கே கூடுதல் கவனம் தேவை.

அடுத்து முதுகைப் பாருங்கள். பளபளப்பா, ரோமமா? ரோமம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். கலிபோர்னியாவைக் காப்பாற்றிய ரொடோலியாவுக்கும் ரோமம் உண்டு, ஆனால் அது 3, 4 மில்லிமீட்டர்தான். ரோமமும் இருந்து, 6 மில்லிமீட்டருக்கு மேலும் இருந்தால் சந்தேகப்படலாம்.

முட்டையில் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு வகையும் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக, நிற்க வைத்தாற்போல் இடும். அங்கேயும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் துப்பு.

கத்தரி வண்டு என்று உறுதியானால் மருந்து வேண்டாம். காலையிலும் மாலையிலும் இலையைத் திருப்பி, முட்டை, புழு, வண்டு மூன்றையும் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் போதும். முப்பது செடிக்கு அரை மணி நேர வேலை. ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். முள் புழு பழுப்பாகி, உப்பி, அசையாமல் இருந்தால் அதற்குள் ஒரு சிறு குளவியின் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். அந்தக் குளவி உங்கள் கட்சி.

மறுநாள் நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டேன். அரை நிமிடம் கிடைத்தது. "எல்லாப் பொறிவண்டும் நல்லதல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு யாராவது எல்லாவற்றையும் நசுக்கியிருந்தால் அது மூன்றாவது தவறு. அதனால்தான் இந்த வாரம் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கவாத்து செய்த கத்தரிச் செடிகளில் புது இலை. எல்லாச் செடியும் பிழைக்கவில்லை, பதினொன்று போய்விட்டன. கடைக்கு இப்போது வாரம் ஒரு நாள்தான் காய் போகிறதாம். கூடவே ஒரு குரல் பதிவு.

"தங்கச்சி, நல்லாத்தான் பேசுற. ஆனா இனிமே ஒண்ணச் சொல்றதுக்கு முன்னாடி, இலையத் திருப்பிப் பாத்துட்டுச் சொல்லு."

ஒலிபரப்பு அறையில் என் மேசைக்கு எதிரே அதை எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.